எழுந்து நின்றவள் வீடு

காலையில் எழுந்ததும் தமயந்தியின் முதல் வேலை கொல்லையிலுள்ள எர்த் குழிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது. குழியின் அடியில் செப்புத் தகடு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கரியும் உப்பும். மண் காய்ந்துவிட்டால் மின்னல் பூமிக்குள் இறங்காமல் முரண்டு பிடிக்கும் என்பதால் குடம் குடமாக ஊற்ற வேண்டும். அது முடிந்ததும் மொட்டைமாடியிலிருந்து நான்கு சுவர்களிலும் இறங்கும் செப்புப் பட்டைகளின் மூட்டுகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். முந்தின நாள் இடியின் கறுப்பு அதில் ஏறியிருக்கும்.

அதே நேரத்தில் தெருவின் மற்ற வீடுகளும் விழித்துக்கொள்ளும். கதவுகள் எஜமானர்களுக்கு வணக்கம் சொல்லும், சுவர்கள் செய்தி வாசிக்கும், அடுப்புகள் தாமாகவே தோசை வார்க்கும். எதிர்வீட்டு வக்கீல் குலோத்துங்கனின் கழிப்பறை அவருடைய ஜீரண சக்தியைப் பாராட்டுவது தெருவரைக்கும் கேட்கும். தமயந்தியின் வீடு மட்டும் வாய் திறக்காது. ஒரு சில்லு, ஒரு ஒயர், ஒரு பல்பு கூட அங்கே கிடையாது. வைத்தால் அன்று மாலை இடியிலேயே கருகிப்போகும்.

கடல் சூடேறிப் போன பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை சேலத்து மலையடிவாரத்தில் இடி விழாத நாளே கிடையாது. அந்தப் பருவத்துக்கு இடிக்காலம் என்று பெயர். பழைய இடிதாங்கிகளும் சர்ஜ் ப்ரொடக்டர் பெட்டிகளும் அந்த மின்னலுக்குத் தூசு. ஒரு மின்பாய்ச்சல் வந்தால் போதும், வீட்டுச் சுவர்களுக்குள் புதைத்திருக்கும் மின்கலங்கள் பற்றிக்கொள்ளும். அதனால்தான் தெருவுக்கு ஒரு ஒளிக்கயிறு வைக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. தெருமுனையில் ஈயப்பெட்டிக்குள் புதைத்த லேசர் கருவியின் ஒளி கண்ணாடி நார் வழியாக ஒரு வீட்டின் மாடிக்கு ஏறி, அங்கிருக்கும் லென்ஸிலிருந்து மேகத்துக்குப் பாயும். மின்னல் அந்த ஒளியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரே வீட்டில் இறங்கும். மற்ற வீடுகளில் அடுப்பு தோசை வார்த்துக்கொண்டே இருக்கும். இறங்குகிற வீட்டுக்கு ஏற்பு வீடு என்று பெயர் வைத்தார்கள்.

ஒளிக்கயிற்றைப் பூங்காவில் நட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும். அதற்கென்றே ஒரு பூங்காவும் இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் மேன்மக்கள் அதைக் கல்யாண மண்டபத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, திறப்பு விழாவில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஏற்பு வீட்டில் இருப்பவர்களுக்கு உயிராபத்து ஒன்றும் இல்லை. செப்புப் பட்டை வீட்டைச் சுற்றிக் கூண்டு போல இருப்பதால், உள்ளே உட்கார்ந்திருக்கும் உடம்பை மின்னல் தொடாது. ஆனால் கைபேசி இல்லாதவளை எந்தக் கடையின் கதவும் உள்ளே விடாது. வாசலுக்கு வரும் காய்கறி வண்டியும் அவள் வீட்டைக் கண்டால் தானாகவே ஒதுங்கிப் போகும். வண்டியாவது இயந்திரம். மனிதர்களும் எதிர்ச்சாரிக்கு மாறித்தான் நடந்தார்கள். அந்த வீட்டுத் தண்ணீரில் கரண்ட் ஊறியிருக்கும் என்று பொறியியல் படித்தவர்களே வாய் கூசாமல் சொன்னார்கள். அவர்கள் வீட்டு விளக்கு எரிவது யாரால் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் முகம் பார்க்கவில்லை. தமயந்திக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, இப்போது அருவருப்பு மட்டும்தான் மிச்சம்.

ஏற்பு வீடு வருஷா வருஷம் மாற வேண்டும் என்பது சட்டம்; அதே வீட்டுக்காரர் மறுபடியும் சம்மதித்தால் மட்டும் மாற வேண்டியதில்லை. குரல், கையெழுத்து, முகம் எல்லாவற்றையும் இயந்திரங்கள் போலியாகச் செய்துவிடுகிற காலமாகையால், சம்மதத்துக்குச் சட்டம் உடம்பை மட்டுமே நம்பியது. கூட்டம் நடக்கிற அறைக்குள் வீட்டுக்காரர்களில் ஒருவர் உட்காராமல் நின்று, மற்றவர்கள் கைதட்டினால் அந்த வீடு ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. தட்டிய பிறகு பேச்சுக்கு இடமில்லை. எவ்வளவு நாகரிகமான சட்டம்! விளைவு என்னவென்றால், அந்தத் தெருவில் கூட்டம் என்றால் எல்லாருக்கும் நாற்காலியோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். கடவுள் வாழ்த்தை நிறுத்திவிட்டார்கள், எழுந்து நிற்க வேண்டியிருக்குமே. கூட்டம் முடிந்தது என்று சங்கக் கட்டிடத்தின் சுவர் குரல் கொடுத்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுவார்கள்.

போன வருஷக் கூட்டத்துக்கு நிறைமாதமாக இருந்த நிரஞ்சனா தாமதமாக வந்தாள். நாற்காலி காலியில்லை. அறைக்குள் வராமல் வாசலிலேயே மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்ததும் தமயந்தி ஒன்றும் யோசிக்காமல் எழுந்து, "இங்க வந்து உக்காரும்மா" என்றாள்.

அறை முழுக்கக் கைதட்டல்.

அவளுக்கு விஷயம் புரிவதற்குள் சுவர் அவள் வீட்டு எண்ணை வாழ்த்தி அறிவித்துவிட்டது. நாற்காலிக்காகத்தானே எழுந்தேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கணவர் ரத்தினவேலுக்கு நெஞ்சில் துடிப்புக் கருவி இருக்கிறது, இடி இறங்குகிற வீட்டில் அவரால் ஒரு நாள் கூட இருக்க முடியாது, கருவி நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்றாள். சங்கச் செயலாளர் பரந்தாமன் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார், உச்சுக் கொட்டினார், சட்டம் சட்டம்தான் என்று கையைக் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிரஞ்சனா முந்தானையால் விசிறிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ரத்தினவேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனார். அறுபது வயதில் தங்கையின் மாமியாரிடம் காபி கேட்டு வாங்கிக் குடிக்கும் நிலைமை. ஐப்பசி முதல் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று தமயந்தி சொல்லி அனுப்பினாள். ஒரு வருஷம் முழுக்க அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொண்டு எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த முதல் தேதி வந்தது. காலையில் கூட்டம். யார் எழுந்திருக்கிறீர்கள் என்று பரந்தாமன் உட்கார்ந்தபடியே கேட்டார். குலோத்துங்கன் தன் சட்டப் புத்தகங்கள் முழுக்கச் சுவருக்குள் இருப்பதாகவும், அவை எரிந்தால் நீதிக்கே இழப்பு என்றும் சொன்னார். பல் டாக்டர் ஒருத்தி தனக்கு இருட்டு ஒத்துக்கொள்ளாது என்றாள். கடைசி வீட்டுக்காரர் தன் நாயின் கழுத்துச் சில்லு கருகிப்போனால் அது மனம் உடைந்துவிடும் என்றார். எல்லாரும் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். ரத்தினவேலின் இதயத்துக்கு அங்கே கிடைக்காத மரியாதை அந்த நாயின் மனத்துக்குக் கிடைத்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த நிரஞ்சனாவை எல்லாரும் பார்த்தார்கள். தொட்டில் பாடினால்தான் குழந்தை தூங்கும் என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

இவ்வளவும் ஒத்திகை பார்த்த நாடகம் என்பது பொன்னாடை வந்தபோது தெரிந்தது. சக்கரம் வைத்த நாற்காலியில் உருண்டு வந்து, ஜரிகை மினுங்கும் சால்வையைப் பரந்தாமன் அவள் தோளில் போர்த்தினார். சுவரில் அவள் படம் பெரிதாகத் தெரிந்தது. கீழே 'வீதித் தாய்' என்ற பட்டம்.

"தமயந்தியம்மா நம்ம தெருவுக்கே தாய் மாதிரி" என்றார் பரந்தாமன். "தாயை வருஷா வருஷம் யாராச்சும் மாத்துவாங்களா?"

ஐஸ் வைப்பதில் அந்த ஆளை மிஞ்ச முடியாது. தமயந்தி எழவில்லை. எழுந்தால் தட்டுவதற்குக் கைகள் தயாராக இருந்தன. உட்கார்ந்தபடியே பேசினாள்.

"எனக்கு முறை முடிஞ்சுபோச்சு, செகரட்டரி சார். மதியத்துக்கு மேல லென்ஸை மூடப் போறேன். அதுக்குள்ள யாராச்சும் எந்திரிச்சா அவங்க மாடிக்கு மாத்திக்குங்க. எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வர்றார்."

யாரும் அதை நம்பவில்லை. தாய்க்குக் கோபம் வருவது சகஜம் என்று ஒருவர் சிரித்தார். சுவர் கூட்டத்தை முடித்துவைத்தது. எல்லாரும் நிம்மதியாக எழுந்து கலைந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தமயந்தி மாடியேறி, லென்ஸின் செப்பு மூடியைச் சாத்தினாள். காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க எதையாவது கட்ட வேண்டுமே என்று தேடியபோது தோளில் பொன்னாடை இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒரு வருஷத்தில் அந்தத் தெரு அவளுக்குக் கொடுத்த ஒரே பொருள், அதுவும் இப்போதுதான் பயன்பட்டது.

மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒளிக்கயிறு அறுந்துவிட்டது என்று எல்லா வீட்டுக் கதவுகளும் ஒரே நேரத்தில் அலறின. மின்கலம் நிறைந்த சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்க யாருக்குத் தைரியம் வரும்? செப்புக் கூண்டு ஒரே வீட்டுக்குத்தான் உண்டு. கரண்ட் ஊறிய தண்ணீர் இருக்கும் வீட்டுக்கு ஒட்டுமொத்தத் தெருவும் ஓடி வந்தது. தமயந்தி வாசலை மறிக்கவில்லை. கருவிகளை வெளியே போட்டுவிட்டு வரச் சொன்னாள், அவ்வளவுதான். கூடத்தில் இருந்த நாற்காலிகள், பெஞ்சு, பாய் எல்லாவற்றிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரத்தினவேலின் சாய்வு நாற்காலியில் நிரஞ்சனா குழந்தையோடு உட்கார்ந்தாள். நாய்க்காரர் பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மூடியைத் திறக்கும்படி பரந்தாமன் கெஞ்சினார். தமயந்தி சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே அது என் முறை இல்ல. யார் எந்திரிச்சு முறையை ஏத்துக்கிறாங்களோ, அவங்களே மாடிக்குப் போய்த் திறக்கட்டும், நாளைக்கு அவங்க வீட்டுக்கு மாத்திக்கட்டும்."

பரந்தாமன் அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டியதாக அறிவித்தார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கூட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும், நின்றுகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்கள்.

முதல் இடி குலோத்துங்கன் வீட்டில் இறங்கியது. சுவர்கள் உள்ளிருந்து நீலமாக ஒளிர்ந்து அணைந்தன, ஜன்னல் வழியாகப் புகை வந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் முகத்தில் தெரிந்ததைத்தான் தமயந்தி சாகும்வரை மறக்கமாட்டாள். அது நிம்மதி. அடுத்து பல் டாக்டர் வீடு. அப்போது குலோத்துங்கன் முகத்திலிருந்து கையை எடுத்து எட்டிப் பார்த்தார். அவர் கண்ணிலும் அதே நிம்மதி. அடுத்து நாய்க்காரர் வீடு, பிறகு பரந்தாமன் வீடு. மாடிக்கு இருபது படி ஏறி ஒரு முடிச்சை அவிழ்த்திருந்தால் மிச்ச வீடுகளாவது தப்பியிருக்கும். நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று ஒருவர் முதுகை ஒருவர் தள்ளினார்களே தவிர, ஒருவர் உடம்பும் தரையை விட்டு எழவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவா ஒரு வருஷம் புளி போட்டுத் தேய்த்தோம் என்று தமயந்தி நினைத்தாள்.

மழை விட்டது. மேகம் கலைந்து மஞ்சள் வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. காரணம் புரிந்தபோது தமயந்திக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கூட்டம் இன்னும் முடியவில்லை. முடிந்ததாகச் சொல்வதற்கு இந்த வீட்டுச் சுவருக்கு வாய் இல்லை. பரந்தாமன் எழுந்து அறிவிக்கலாம், ஆனால் எழ வேண்டுமே. நாளைக்கும் இடி உண்டு. எந்த வீட்டுக்காரர் முதலில் எழுகிறாரோ அவர் தலையில் கட்டிவிட மற்றவர்கள் கையைத் தயாராக வைத்திருந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. நிரஞ்சனா உட்கார்ந்த வாக்கிலேயே அதை ஆட்டினாள்.

அப்போது வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

ரத்தினவேல் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டார். கையில் பெட்டி, கால் முழுக்கச் சேறு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த இளைப்பு. கூடத்துக்குள் வந்தவர் இவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு, உட்கார இடம் தேடித் தன் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். நிரஞ்சனா பார்வையைக் குழந்தையின் முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள். இடம் கிடைக்காமல், நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கியபடி, தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் அவர் நின்றார்.

நின்றார் என்பது தமயந்திக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

"உக்காருங்க" என்று பதறினாள். "அப்படியே தரையில உக்காருங்க."

பரந்தாமனின் கைகள்தான் முதலில் தட்டின. பிறகு குலோத்துங்கன், நாய்க்காரர், பல் டாக்டர் என்று கூடமே அதிர்ந்தது. தமயந்தி கத்தியது ரத்தினவேலுக்குக் கேட்கவில்லை. நிரஞ்சனா, குழந்தையின் இரண்டு பிஞ்சுக் கைகளையும் பிடித்துச் சேர்த்துத் தட்ட வைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து வீடு திரும்புகிறவனுக்குத் தெருவே கூடி வரவேற்புக் கொடுக்கிறது என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார். கண் கலங்க எல்லாரையும் பார்த்துச் சிரித்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.