குழித்தண்ணீர்

காலை எட்டு மணிக்கு என் குரல் தெருமுனையில் கேட்டால் போதும், சாத்தூர் மேலத்தெருப் பெண்கள் சொம்போடு வாசலுக்கு ஓடுவார்கள். நிலக்குழி ஆய்வாளர் வேலை எனக்கு. வீட்டுக்கு வீடு போய், வாசலோரக் குழியில் ஈரமானியைச் செருகி, மண் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதைவிடத் திட்டுவதுதான் அதிகம். பதினாறு வருடமாகத் திட்டுகிறேன்.

அன்று ஜெபமணி வீட்டுக் குழியில் முள் அசையவே இல்லை.

“குழித்தண்ணி எங்கடி போச்சு?”

“சின்னவளுக்குத் தலையெல்லாம் பேன்க்கா. ரெண்டே ரெண்டு நாள் அலசிவிட்டேன்.”

“நல்லாயிருக்குடி உன் கதை! தலை அலசுறதுக்கு ஒரு உசிரைக் குடுப்பியா?”

“இனிமே செய்ய மாட்டேன்க்கா. கொடி மட்டும் கட்டிறாதீங்க.”

கட்டினேன். சிவப்புக் கொடி பறக்கும் வீட்டுக்கு மூன்று நாள் யாரும் போக மாட்டார்கள். அவள் அழுதாள். என் மனசு இளகவில்லை.

மழை நின்று, காற்றில் ஈரம் வற்றிப்போன பிறகு எங்கள் உடம்புகள் இப்படி ஆகிவிட்டன. நாலு எட்டு நடந்தாலே சேலை உரசி, செருப்பு உரசி, உடம்பில் நிலைமின் ஏறிவிடும். முந்தின காலத்தில் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் வருமாம், அதோடு சரியாம். இப்போது ஒருவரை ஒருவர் தொட்டால் விரல் நீளத்துக்குப் பொறி பறக்கிறது. அதனால் எல்லா வாசலிலும் ஒரு செம்புத் தகடு. இறக்குதகடு என்று பெயர். வெறுங்காலோடு அதில் நின்று பத்து எண்ணினால், ஏறியதெல்லாம் கம்பி வழியாகக் குழிக்குள் இறங்கிவிடும். நிலைக்கதவின் மேலுள்ள சின்னப் பல்பு பச்சையாக ஒரு தரம் மின்னும். குழி காய்ந்துவிட்டால் எதுவும் இறங்காது. அதற்காகத்தான் அரசாங்கம் குடிக்கக் கொடுப்பது தனி, குழிக்குத் தினம் இரண்டு லிட்டர் தனி.

சாதாரண ஆளுக்குப் பொறி பட்டால் கை மரத்துப்போகும், ரெண்டு வசவோடு முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் குருவையாவுக்கு அப்படியில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். நெஞ்சில் இதயமுடுக்கி வைத்து நாலு வருடம் ஆகிறது. ஒரு பொறி பட்டாலும் அது நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டோடு இருக்கிறார். எங்கள் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. நான் ஒரு நாளும் அதை அளந்ததில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவள், சொந்தப் புருஷனையுமா சந்தேகப்படுவேன்?

போன மாதம் அவரிடம் புலம்பினேன். “தண்ணிக்குப் பதிலா மாவைத் தேய்ச்சுத் தேய்ச்சு மண்டையெல்லாம் புண்ணு. தலைக்கு ஊத்தி ஒம்பது வருஷமாச்சு. சாகுறதுக்குள்ள ஒரு குடம் தண்ணிய மடமடன்னு ஊத்திக்கணும்ங்க.”

“ஆசையப் பாரு கிழவிக்கு” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

ஜெபமணி வீட்டில் கொடி கட்டிய அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தகட்டில் ஏறினேன்.

“எறக்கிட்டியா?” உள்ளேயிருந்து அவர் குரல். தினமும் கேட்பதுதான்.

பத்து எண்ணினேன். பல்பு மின்னவில்லை. விரலால் ரெண்டு தட்டு தட்டினேன், அப்போதும் இல்லை. நாலு நாளாகவே மங்கலாகத்தான் மின்னியது. சனியன், இதுவும் ஃபியூஸ் போய்விட்டது, நாளைக்கு ஆபீசிலிருந்து வேறு கொண்டுவரணும் என்று முணுமுணுத்தேன். வேறு வீடாக இருந்திருந்தால் பையிலிருந்து மானியை எடுத்திருப்பேன்.

“எறக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். “சீனியம்மா, கொல்லைக்கு வா, உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்” என்று கையை நீட்டினார். பிடித்தேன்.

சட்டென்று ஒரு சத்தம். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் முட்டி மடங்கி என் காலடியில் விழுந்தார். ஐயோ, நான் கத்திய கத்தலில் தெருவே கூடியது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொல்லையில் துணி கட்டி மூடிய குடம் ஒன்று இருந்தது. விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் ஒரு பொட்டலம் சீயக்காய், எங்கே தேடிப் பிடித்தாரோ. சுவரில் கரிக்கோடுகள், பதினைந்து. தினமும் குழிக்குப் பாதி, குடத்துக்குப் பாதி ஊற்றியிருக்கிறார். பாதி போதும் என்று நினைத்திருப்பார். பாவி மனுஷா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என்னையல்லவா ஊரே கேட்கிறது?

மறுநாள் காலையில் என்கூட வேலை பார்க்கும் முத்துவேல் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

“அக்கா, அது குழித்தண்ணி. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகணும். வாசல்ல கொடியும்…”

“கொடியக் கட்டு. ஜெபமணி வீட்டுக்குக் கட்டுனவ நான்தானே? தண்ணிய மட்டும் தொடாத.”

செத்தவர்களைக் குளிப்பாட்டும் வழக்கம் எங்கள் ஊரில் நின்று பல வருடமாகிறது. திருநீறு பூசித் தூக்கிவிடுவோம். நான் அவரைக் கொல்லையில் கிடத்தச் சொன்னேன். சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். சீயக்காய் போட்டுத் தலையைத் தேய்த்தேன். காது மடல், கழுத்து, நெஞ்சுத் தழும்பு, ஒன்றையும் விடவில்லை. நனைந்த உடம்பில் நிலைமின் நிற்காது. நாலு வருடமாகப் பத்து எண்ணி எண்ணித் தொட்ட மனுஷனை எண்ணாமல் தொட்டேன். முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டேன். எறக்கிட்டியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று இருந்தது.

குடத்தின் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் மிச்சமிருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதை என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.