உட்காராத பலகை

சர்வீஸுக்கு விட்ட காரை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. நடுக்கண்ணாடியில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பின்னால் வரும் பேருந்து, அதன் முகப்பு விளக்குகள், மழைக்கு முந்தின சாம்பல் வெளிச்சம், எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. பின் இருக்கையின் தலைக்கு மேல் எப்போதும் கறுப்புக் கோடாகத் தெரியும் பலகையைத்தான் காணவில்லை.

பெரிய பொருள் ஒன்றுமில்லை. பின் இருக்கைக்கும் பின்கதவுக்கும் நடுவே டிக்கியை மூடிக் கிடக்கும், கறுப்புத் துணி ஒட்டிய பலகை அது. இரண்டு மெல்லிய கயிறுகளால் பின்கதவோடு கட்டியிருக்கும். கதவைத் தூக்கினால் பலகையும் கூடவே எழும். கதவைச் சாத்தினால் அது படுத்துக்கொள்ளும், கயிறுகள் இரண்டும் கம்பி மாதிரி நேராக நிற்கும். இப்போது கயிறுகள் மட்டும் தொங்கி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடின. டிக்கியிலிருந்து ரப்பரும் பழைய தண்ணீரும் கலந்த ஒரு வாடை முன்னிருக்கை வரை வந்தது. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தும் கழுத்தின் பின்பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது.

கராஜுக்குப் போன் போட்டாள். பின்விளக்கு ஒயரைச் சரிபார்க்கக் கழற்றினோம், அப்புறம் எங்கேயோ தொலைந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டார். புதிதாக ஒன்று தருகிறேன் என்று சொல்லவில்லை.

கணவனுக்கு அது சிரிப்பாக இருந்தது. "ஒரு அட்டைப் பலகைக்கு இந்த முகமா? இன்ஜினைக் கழட்டிட்டு அனுப்பியிருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்றான். பலகை இல்லாவிட்டால் பெட்டிகளை மேலே வரை அடுக்கலாம், விட்டுத் தொலை என்றான். அவளும் விட்டுவிட்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பார்வை சோதிக்கும் இருட்டறையில். வருகிறவர்களை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, ஒரே தொனியில் கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்ப தெரியுதா? இப்ப? முடிந்ததும், சரி, அடுத்தவங்க வாங்க என்பாள். மாலையில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துவரும்போது, வண்டிகள் நகராமல் நிற்கும் நேரத்தில், இதையே விளையாட்டாக்கியிருந்தாள். வாண்டு ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். அம்மா முன்னாலிருந்து கேட்பாள். தெரியுது, தெரியலை என்று பதில் வரும். அழுகை வராமல் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

பலகை போன பிறகு வாண்டு முன்பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். பெல்ட் போட்டிருந்தபடியே உடம்பை முறுக்கி, டிக்கியின் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு கையால் கண்ணை மூடியிருந்தாள்.

"யாரோடடி விளையாடுற?"

"பின்னாடி," என்றாள் வாண்டு, அது ஒரு ஆளின் பெயர் மாதிரி.

அந்த வாரம் பொருட்கள் குறையத் தொடங்கின. ஒரு கலர் பென்சில். முயல் பொம்மையின் காது. இடது கால் செருப்பு. இருக்கைக்குப் பின்னால் விழுந்திருக்கும் என்று டிக்கியைத் தடவித் துழாவினாள், விரிப்பைத் தூக்கினாள், ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தாள். தூசிகூட இல்லை. தேட வேண்டாம் என்றாள் வாண்டு. கேட்டுச்சு, குடுத்துட்டேன்.

பிறகு அந்தச் சாயங்காலம். சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடியில் மகளின் கை இருக்கையின் முதுகைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. எதையும் தேடுகிற கை மாதிரி இல்லை. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற கை மாதிரி அசையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் வரை மெதுவாக ஒரு இழுப்பு.

அவள் அலறவில்லை. மகளின் பெயரைச் சொன்னாள். கை முன்னால் வந்துவிட்டது. எட்டித் தொட்டபோது மணிக்கட்டு ஐஸ் மாதிரி இருந்தது.

மறுநாள் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கராஜுக்குப் போனாள். புதுப் பலகை வேண்டும், காசு நானே தருகிறேன் என்றாள். மெக்கானிக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அது இல்லாமலே ஓட்டுங்களேன், மேடம்."

"நீங்கதானே தொலைச்சீங்க."

"தொலையல. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்." அவர் காரைப் பார்க்காமல் பேசினார். "ஒயர் வேலையை முடிச்சுட்டு எடுத்து வெச்சேன். உட்காரல. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் எழும்புது. கீழ ஒண்ணும் இல்ல, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். முட்டி போட்டு அமுக்கினேன். அதுவும் கீழேருந்து அமுக்குச்சு."

பிறகு அவர், திறந்து கிடந்தால் என்ன வருகிறது என்றாவது கண்ணுக்குத் தெரியும், மூடிவிட்டால் அதுவும் இல்லை என்றார்.

அவள் யோசித்தாள். திறந்து கிடந்த இத்தனை நாளில் அவள் பார்த்தது என்ன? வெறும் பள்ளம். பார்த்தும் எதையும் தடுக்க முடியவில்லை. மகளின் கைக்கும் அதற்கும் நடுவே ஏதாவது ஒன்று வேண்டும், ஒரு அட்டைப் பலகையாவது.

"போடுங்க," என்றாள்.

புதுப் பலகை உட்கார்ந்தது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் நாலு மூலையையும் தட்டிப் பார்த்துவிட்டு, அசடு வழியச் சிரித்தார். "எனக்குத்தான் மூளை குழம்பிடுச்சு போல."

காப்பகத்திலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வாண்டு உம்மென்று இருந்தாள். ஏம்மா மூடின என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கண்ணாடியில் கறுப்புக் கோடு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. கயிறுகள் நேராக நின்றன. வாடை இல்லை. கழுத்தில் குளிர் இல்லை. பல நாளுக்குப் பிறகு அவள் தோள் இறங்கியது.

வீட்டுக்கடியில் இருக்கும் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினாள். மழைச் சத்தம் மேலேயே நின்றுவிட்டது. இன்ஜினை அணைத்ததும் சூடு ஆறுகிற சின்னச் சத்தம். டிக். டிக். அதற்கு நடுவே இன்னொரு சத்தம். துணியை நகத்தால் வருடுகிற மாதிரி. உள்பக்கமிருந்து.

கண்ணாடியைப் பார்த்தாள்.

பின்கதவு சாத்தித்தான் இருந்தது. இடதுபக்கக் கயிறு லேசாகத் தொய்ந்தது. மறுபடி நேராயிற்று. பிறகு வலதுபக்கம்.

யோசிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பாய்ந்து, மகளின் பெல்ட்டையும் கழற்றி, அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டாள். வாண்டின் கால் நடுக்கண்ணாடியில் இடித்தது. பிள்ளையை மார்போடு அணைத்தாள். வாண்டின் முகவாய் அவள் தோளில் இருந்தது, பார்வை பின்பக்கம். இனிக் கதவைத் திறக்க வேண்டியதுதான். கைப்பிடியில் விரல் பட்டது.

"இப்ப தெரியுதா?"

அவள் குரல். அவளுடைய இருட்டறைக் குரல், அதே பொறுமை, அதே தொனி. அவள் வாயைத் திறக்கவில்லை.

வாண்டின் ஒரு கை எழுந்தது. முழங்கை அவள் காதை உரசியது. கண்ணை மூடுகிறாள்.

"கொஞ்சமா," என்றாள் வாண்டு.

கண்ணாடி கோணிப்போயிருந்தது. அதில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. கூரையும், கயிறுகளின் மேல்முனையும். இரண்டும் தொய்ந்தன. இன்னும் தொய்ந்தன.

"இப்ப?"

"தெரியுது."

கைப்பிடியை இழுக்க வேண்டும். விரல் கேட்கவில்லை. கழுத்தில் குளிர். ரப்பர் வாடை. மகளின் ஒரு கை அவள் காலரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தன் கண்மேல்.

"சரி," என்றது குரல், காதுக்குப் பக்கத்தில். "அடுத்தவங்க வாங்க."

சில்லென்ற ஒரு உள்ளங்கை பின்னாலிருந்து வந்து, மிக மெதுவாக, அவளுடைய இடது கண்ணை மூடியது.