மஞ்சள் வண்டியின் படுக்கை

அப்பா மறுபடியும் கயிற்றை இழுத்தார். மஞ்சள் பனிவண்டி ஒருமுறை இருமியது. பிறகு சத்தமே இல்லை.

தைமி பள்ளிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசல் விளக்கின் கீழே நின்றாள். காலை நேரம்தான். ஆனால் பூமியின் வடகோடியில் உள்ள இந்த ஊரில், இந்த மாதத்தில் சூரியன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உறைந்த ஏரி, நடந்து கடக்க முடியாத அகலத்தில், இருட்டில் நீண்டு கிடந்தது. அதன் மறுகரையில் ஒரு சிறிய வெளிச்சம் காத்திருந்தது. அது பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டாக்ஸி.

"அப்பா, பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"தெரியுது."

அப்பா ரெய்மோ எப்போதும் அளந்துதான் பேசுவார். கையுறையைக் கழற்றிவிட்டு, எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைத் திருகி எடுத்தார். அதன் நுனியிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள் தைமி.

அப்பா பிளக்கைத் துடைத்து, அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கினார். பிளக் இல்லாமலே கயிற்றைப் பலமுறை இழுத்து, எஞ்சினுக்குள் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினார். மீண்டும் பிளக்கை மாட்டி, வேக விசையை முழுதாக அழுத்தியபடி கயிற்றை இழுத்தார். நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உறுமியது.

அதற்குள் மறுகரையில் இருந்த வெளிச்சம் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அந்தத் தீவில் அவர்களுடையது ஒரே வீடு. அம்மா கப்பலில் சமையல் வேலை செய்கிறாள். வசந்தத்தில்தான் வருவாள். அப்பா பனிக்கு அடியில் விரித்த மீன்வலைகளைப் பார்க்கப் போய்விட்டால், ஏரிப் பனி விரிசல் விடும்போது எழும் முனகலைத் தவிரத் தைமிக்குத் துணை கிடையாது. அன்றும் அவள் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விடை சரியா என்று கேட்கப் பக்கத்தில் எவரும் இல்லை.

மாலையில் தொலைபேசி ஒலித்தது. நகரத்திலிருந்து இர்மெலி அத்தை. அத்தையின் குரல், ஒலிபெருக்கியைப் போடாமலே அறை முழுவதும் கேட்கும்.

"ரெய்மோ! டீச்சர் எனக்கும் போன் பண்ணாங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போன நாளை விட போகாத நாள்தான் அதிகமாம்!"

"வண்டி கிளம்பல."

"வண்டி கிளம்பல, வண்டி கிளம்பல! இன்னும் ஒரே ஒரு நாள் தவறட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். வசந்தம் வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும். கட்டில்கூடப் போட்டு வெச்சிட்டேன்."

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் தைமியைப் பயமுறுத்தியது.

இரவு உணவுக்கு அப்பா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். தைமி அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால், அப்பாவுக்கு எதிரே யார் உட்காருவார்கள்?

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் வண்டியை மறுகரையில் உள்ள காலெர்வோ மாமாவின் கொட்டகைக்கு ஓட்டிச் சென்றார்கள். காலெர்வோ மாமா அந்தப் பக்கத்தின் எல்லா எஞ்சின்களையும் பழுதுபார்ப்பவர். அப்பா பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"வாடி என் மஞ்சள் மகாராணி! மூணாவது தடவையா வந்திருக்கே. என்னை விட்டு இருக்க முடியலையா?" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம் அது. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்துக் காட்டினார்.

"இங்க பாரு தைமி. இதுதான் கதவு. பெட்ரோல் போதும்னா மூடிக்கணும். என் கடைவாய்ப் பல்லு மாதிரி தேஞ்சு கிடக்கு. கதவு மூடலைன்னா பெட்ரோல் ரொம்பி வழிஞ்சு, பிளக் நனைஞ்சிடும். அப்புறம் எங்க நெருப்புப் பிடிக்கிறது?"

"புது ஊசி போடலாமே மாமா?"

"இவ்வளவு பழைய வண்டிக்கு இப்ப யாரு செய்யறா? தேடிப் பிடிக்கறதுக்குள்ள பனியே உருகிடும்."

அவர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாட்டினார். வண்டி அன்றிரவு கொட்டகையிலேயே நின்றது. அவர்கள் மாமா வீட்டில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

"பாத்தியா ரெய்மோ? என்கிட்ட மட்டும் மரியாதையா நடந்துக்குது. சில பிள்ளைங்க மாதிரி, அடுத்த வீட்டுல சமர்த்து!"

அப்பா சிரிக்கவில்லை. போன இரண்டு தடவையும் இப்படித்தான் நடந்தது. இங்கே கிளம்பிய வண்டி, வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் மூச்சுத் திணறியது. நாளை திங்கட்கிழமை.

வீடு திரும்பியதும் தைமி தன் வழக்கமான வேலையைத் தொடங்கினாள். வண்டிக்கு அடியில் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் ரப்பர் பட்டையில் ஒட்டிய ஈரப்பனி இரவில் தரையோடு சேர்ந்து உறைந்துவிடும். அதனால் தினமும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஊசியிலை மரக் கிளைகளை அடுக்க வேண்டும். அது தைமியின் பொறுப்பு. வண்டி தொல்லை தரத் தொடங்கியதிலிருந்து, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கிளைகளைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

அன்று பாதியில் அவள் கை நின்றது.

மாமாவின் கொட்டகையில் வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏரி நடுவில், அப்பா வலை இழுக்கும் இடத்தில், மணிக்கணக்கில் நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. வீட்டில்தான் எல்லாத் தொல்லையும். வேறெங்கும் செய்யாத எதை இங்கே செய்கிறோம்?

அவள் கையிலிருந்த கிளையைப் பார்த்தாள்.

உடனே பனியில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தாள். போன வருடம் வரை அவர்களிடம் இருந்த சிவப்பு வண்டிக்குப் பெட்ரோல் தொட்டி முன்னால் இருந்தது. இந்த மஞ்சள் வண்டிக்கோ இருக்கைக்குப் பின்னால். கிளைகளின் மேல் அது உயர்ந்து நின்றது. எஞ்சின் முன்னால், பள்ளத்தில் கிடந்தது. நடுவில் இருப்பதோ மூடாத கதவு.

"அப்பா! இங்க வாங்க! சீக்கிரம்!"

அப்பா ஓடி வந்தார். "விழுந்துட்டியா?"

"இல்லப்பா. நீங்களும் படுங்க."

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் படுத்தார்.

"தொட்டி மேல இருக்கு. எஞ்சின் கீழ இருக்கு. ராத்திரி பூரா பெட்ரோல் இறங்கிக்கிட்டே இருக்குப்பா. நாம தூங்குறோம், இது குடிக்குது."

அப்பா தொட்டியையும் எஞ்சினையும் கண்ணால் அளந்தார். "கிளையை எடுத்தா பட்டை உறைஞ்சிடுமே."

"எடுக்க வேணாம். முன்னாலயும் தூக்கிடுவோம்."

இருவரும் விறகுக் கட்டைகளைக் கொண்டுவந்து முன்பக்கச் சறுக்குப் பலகைகளின் அடியில் வைத்தார்கள். தைமி தன் பென்சிலைக் கால் வைக்கும் பலகையில் வைத்தாள். அது முன்பக்கம் உருண்டது. இன்னொரு கட்டை வைத்தார்கள். அப்போதும் உருண்டது, கொஞ்சம் மெதுவாக. மறுபடியும் ஒரு கட்டை. பென்சில் அசையாமல் நின்றது.

"இன்னும் ஒண்ணு," என்றார் அப்பா. "பின்னால சாஞ்சாத் தப்பில்ல."

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல ஒரு காலை வண்டியில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு கயிற்றை இழுத்தார். வண்டி உடனே உறுமிக் கிளம்பியது. அதை எதிர்பார்க்காத அப்பா பொத்தென்று பனியில் உட்கார்ந்தார்.

"விழுந்துட்டீங்களா அப்பா?"

"இல்ல. உட்கார்ந்திருக்கேன்."

மறுகரையை அடைந்தபோது டாக்ஸி வந்திருக்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டுக் காலெர்வோ மாமா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"என்ன, கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க? யாரு கை வெச்சது! நான் கழுவினா சும்மாவா?"

"நீங்க கழுவினதுல குறையே இல்ல மாமா," என்றாள் தைமி. "நாங்க போட்ட படுக்கைதான் சரியில்ல. தலைகீழாப் படுக்க வெச்சிருந்தோம்."

விவரம் கேட்டதும் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூணு தடவை பிரிச்சேனே! படுக்கையைப் பத்திக் கேட்கத் தோணலையே!" சிரித்தபடியே உள்ளே போனார்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். ஏரி அமைதியானது. இவ்வளவு நாளும் இந்தக் கரையில் அவர்களுக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. இன்று நேரம் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. வண்டியின் மேல் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து வலையில ஒரு கிழட்டு மீன் வந்துச்சு," என்றார் அப்பா திடீரென்று.

"ம்?"

"வாயை மூடவே இல்ல. அப்படியே உங்க இர்மெலி அத்தை."

தைமி சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

"என்னப்பா பண்ணீங்க?"

"திட்டிக்கிட்டே இருந்துச்சு. பயந்துபோய்த் தண்ணியிலயே விட்டுட்டேன்." அப்பா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "கட்டிலை மடிச்சு வைக்கச் சொல்லி அத்தைக்கு இன்னிக்குப் போன் பண்றேன்."

மரங்களுக்கு இடையே டாக்ஸியின் விளக்கு தெரிந்தது. தைமி பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"தைமி, நாளைக்கும் இதே நேரத்துக்குக் கிளம்பலாமா?"

"இன்னும் கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பலாம்ப்பா," என்றாள் அவள்.