சின்னாயியின் தோள்

அஸ்தம்பட்டியில் நான் ஒரு பேயைப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வைத்திருந்தேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஒரு டம்ளர் காப்பிகூட அது கேட்டதில்லை. சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் இந்த வசதி எனக்கு மட்டும்தான் வாய்த்தது.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மாப்பிள்ளை தனசேகரும் நம்பவில்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று நான் சொன்னால் காலண்டரைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் அவர். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் கம்பெனியில் மேனேஜர். ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை நம்புவார், எதிரே உட்கார்ந்திருக்கிற மாமனாரை நம்பமாட்டார். நான் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். வெண்ணந்தூர் வளைவில் பஸ்ஸை ஒற்றைச் சக்கரத்தில் திருப்பினேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதிலிருந்துதான் இப்படி.

என் மகள் ரஞ்சிதாவுக்குச் சேலத்தில் பிரசவமானது. அவள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டதால் பிள்ளைப்பேறு பார்க்கிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. குழந்தை டாக்டருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அஸ்தம்பட்டியில் ஒரு சந்துக்குள் பழைய வீடு பிடித்தோம். பாய், தூளிச் சேலை, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு சித்திரை மாத மதியத்தில் போய் இறங்கினோம்.

வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நடு அறையில் மட்டும் ஜன்னல் இல்லாத இருட்டு. மேலே உத்தரத்தில் தூளி கட்ட ஒரு இரும்புக் கொக்கி. அதன் பக்கத்துச் சுவரில், ஒரு பெண் சாய்ந்து நின்றால் தோள் படும் உயரத்தில், ஈரமாக ஒரு வட்டம். எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை என்றார் வீட்டுக்காரர். கிட்டே போய் மோந்து பார்த்தேன்.

புளித்த பால் வாசம்.

நாங்கள் கொண்டுவந்த வாசம்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஏனென்றால், பேர்கூட வைக்காத என் பேத்தி, குடித்த பாலைத் திருப்பித் தருவதில் மேட்டூர் அணையையே வெட்கப்பட வைப்பாள். குடிப்பது ஒரு சங்கு, கக்குவது ஒரு குடம். கக்கி முடித்ததும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "வயித்தோட வாய் இன்னும் சரியா இறுகலை, அதான் பால் மேல வருது. எடை நல்லா ஏறுது, பயப்படாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. குடிச்சதும் அரை மணி நேரம் தோள்ல நிமித்தி வைங்க. உடனே மட்டும் படுக்க வெச்சுராதீங்க."

ரஞ்சிதாவின் காதில் இதெல்லாம் ஏறவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர் யாரோ "தாய்ப்பால் ஒத்துக்கலை போல" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் ஏறியிருந்தது. மிளகாயை விட்டாள். புளியை விட்டாள். கடைசியில் வெறும் சோற்றுக்கு வந்து நின்றாள். குழந்தை வளைந்து அழும்போதெல்லாம் அதன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுரு சாமி" என்பாள். தோளில் போட்டுத் தட்டுகிற வேலை எனக்கு. எருமைக்கன்றே ஏப்பம் விடும்படி தட்டுவேன்.

ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. ரஞ்சிதா அடுத்த அறையில் அசந்து தூங்கினாள். நான் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்த ஈர வட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். இருட்டு. வியர்வை. தட், தட், தட் என்று ஒரே சீராகச் சத்தம். அதிலேயே கண் சொக்கியது.

திடீரென்று ஒன்று உறைத்தது.

என் கை நின்று வெகுநேரமாகியிருந்தது.

தட். தட். தட்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

என் விரல்களின் மேல் இன்னொரு கை படிந்து படிந்து எழுந்தது. குளிர்ந்த கை. குழாயடியிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் ஈரமான கை. காதருகே ஈரத்துணி வாசமும் புளித்த பால் வாசமும். குழந்தை ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், ஏற்காடு மலை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு ஒரு சொட்டுக்கூடக் கக்காமல் தூங்கிவிட்டது.

நான் பயந்துபோனது நிஜம். ஆனால் சாயங்காலம் வரை குழந்தை கக்கவில்லை என்பதும் நிஜம். அன்றிலிருந்து மதிய ஷிப்டை அந்தக் கைக்கே விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் பூக்கட்டும் குப்பாயியிடம் மெல்ல விசாரித்தேன். அவள் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஊட்டுல சின்னாயின்னு ஒருத்தி இருந்தாங்க. கொழாயில தண்ணி எப்பவாச்சும்தான் வரும். வந்துருச்சுன்னு சத்தங் கேட்டதும், பால் குடிச்ச புள்ளையத் தூளியில போட்டுட்டு ஓடுனா. டிரம்மு ரொம்பறதுக்குள்ள புள்ளைக்குப் பொரையேறிப் போச்சுங்க. அப்புறம் அவளும் ரொம்ப நாள் இல்ல. இருந்த வரைக்கும் வெறுந்துணியத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு, செவுத்துல சாஞ்சே நின்னா."

ரஞ்சிதாவிடம் இதை நான் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த முறுக்கு ஆடியது.

"ஏனுங்க மாமா, அந்தம்மாளுக்குப் பி.எப். புடிக்கறீங்களா?"

அன்று மதியமே ரஞ்சிதா பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை அவரிடம் தந்தாள். "அரை மணி நேரம் தோள்லயே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் மருந்துக்கடைக்குப் போனேன்.

திரும்பும்போது சந்து முழுக்கக் குடங்கள். குழாயில் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் வாசலில் டிரம் நிரம்பி, வழிந்து, சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் பைப் தரையில் கிடந்து துள்ளியது. ஆள் இல்லை.

சேலத்தில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் அப்படி வழிந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓடினேன்.

நடு அறை இருட்டில் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் அணைத்தபடி நின்றார். முழங்கை வரை ஈரம். உதடு வெளுத்திருந்தது. குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. நன்றாக மூச்சு விட்டது. தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தரையில் பால் சொட்டியிருந்தது.

"தோள்லயேதான் வெச்சிருந்தனுங்க மாமா" என்றார், நான் கேட்காமலே.

ஈரத்தலையோடு வந்த ரஞ்சிதா தரையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தோள்ல வெச்சிருந்துமா இத்தனையுங் கக்கியிருக்குது? அப்ப என்ற பாலேதானுங்க அதுக்கு எமன். இனிமே நான் குடுக்க மாட்டேன். ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன்."

அழக்கூட இல்லை அவள். தீர்ப்பு எழுதி முடித்தவள்போல் சொன்னாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். தோளில் ஒரு பொட்டுப் பால் இல்லை. தூளியைத் தொட்டேன். உள்பக்கமெல்லாம் நனைந்திருந்தது.

"மாப்ள, சட்டை வெள்ளையா இருக்குதுங்களே" என்றேன்.

அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார்.

வாசலில் குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. சந்தே அடங்கியது.

தட்.

மாப்பிள்ளையின் இரண்டு கையும் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருந்தன. அசையவில்லை.

தட்.

சத்தம் சுவரருகேயிருந்து வந்தது. ஈர வட்டம் நனைந்து கீழே கோடாக இறங்கியது.

தட்.

"அப்பா," ரஞ்சிதா மூச்சில் கேட்டாள், "ஆருங்கப்பா தட்டறது?"

தனசேகர் முழங்கால் மடங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை அவள் மடியில் வைத்தார்.

"ரஞ்சி, உன்ற பால்ல ஒண்ணுமில்ல. நாந்தான் குடிச்ச கையோட தூளியில போட்டுட்டு ஓடுனேன். தண்ணி போயிருமேன்னு. ஒரு நிமிசந்தானேன்னு." தூளியைக் கையால் காட்டினார். "உள்ள இருந்து களக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. ஓடியாந்து பாத்தா தூளி காலி."

"அப்புறம் ஆரு தூக்குனது?"

அவர் என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக, காலண்டரைத் தேடாத முகம்.

"நடந்ததுங்க மாமா. நீங்க சொன்னது நெசந்தான். அந்தச் செவுத்துல சாஞ்சு நின்னாங்க. கவுத்துப் போட்டுத் தட்டி, முந்தானையில வாயத் தொடச்சு, என்ற கையில குடுத்தாங்க. நான் அப்பவும் டிரம்மு வழியற சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தனுங்க."

சுவரருகே தட்டல் நின்றது.

"'தண்ணி போனாப் போவுது சாமி'ன்னாங்க."