வீணையம்மாவின் அரை மணி நேரம்

மாலை 4:00. வீணையம்மாவின் மகள் டேப்பை ஓடவிட்டாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. முன்னே ஓட்டினாள், பின்னே ஓட்டினாள். எங்கும் ஒரு மீட்டல்கூட இல்லை.

உயிரோடு இருந்தவரை ரெக்கார்டு கொடுக்க மறுத்தவர் அம்மா. அவர் வாசிப்பு என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரே டேப், அதில் அரை மணி நேரம். அதையும் மதியம் யாரோ அழித்துவிட்டார்கள்.

4:50. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அவருக்குச் சங்கீதம் சுத்த சூனியம். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

"மத்தியானம் வீட்டுல யார் யாரு?"

"இவங்க மூணு பேர்தான். சாப்பிட்டுட்டு ஆளுக்கொரு ரூம்ல படுத்தாங்க. நான் பின்கட்டுல பாத்திரம் கழுவிட்டிருந்தேன்," என்றாள் மகள்.

மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா, தோட்டத்து மண் அப்பிய நீண்ட நகங்களால் இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தார். பத்திரிகை விமர்சகர், ஏற்கெனவே சதை தெரியக் கடித்திருந்த விரலை மறுபடி கடித்துத் துப்பினார். அம்மாவின் சிஷ்யன், ஊரே கொண்டாடும் வீணைக்காரன், நகம் வளர்ந்த வலது கையால் கண்ணைத் துடைத்து விசும்பினான். மூன்றையும் இன்ஸ்பெக்டர் அருவருப்போடு பார்த்தார்.

"இன்னிக்கு எதுக்குக் கூடினீங்க?"

"நான்தான் கேட்டேன்," என்றார் விமர்சகர், சிஷ்யனைக் காட்டி. "இவரோட புது ரெக்கார்டை, சொந்தக் கற்பனைன்னு தூக்கி வெச்சு எழுதினேன். அதே ராகத்தை அம்மா எப்படி வாசிச்சாங்கன்னு கேக்க ஆசை."

டேப் ரெக்கார்டரில் ஒரு மைக் மாட்டியபடியே இருந்தது.

"இது?"

"காலையில வேற டேப்புல முன்னுரை பேசினேன் மேடம். கழட்ட மறந்துட்டேன்," என்றாள் மகள்.

"இந்த டேப்பை முழுசா கேட்டீங்களா?"

"இரைச்சலைப் போய் யாராவது உக்காந்து கேப்பாங்களா?" என்றார் சித்தப்பா.

"நான் கேக்கறேன்."

சத்தத்தைக் கூட்டி வைத்து, அரை மணி நேரம் அசையாமல் கேட்டார். நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு ஏப்பம். பத்தொன்பதாவது நிமிடத்தில், டக். சற்று விட்டு, டக். மொத்தம் ஐந்து. பிறகு ஒன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து மேஜைக்கடியில் தேடினார். ஐந்து நகத்துண்டுகளை முகம் சுளித்துக் காகிதத்தில் அள்ளினார். ஒரு மனுஷியின் வாழ்நாள் வாசிப்பு அழிந்துகொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டியிருக்கிறது ஒரு ஜென்மம். சீ!

5:40.

"இதை அழிக்க, மேல மறுபடி பதிவு பண்ணியிருக்காங்க. அரை மணி நேரம் ஓடணும்ல? மைக் இந்த ரூமையே பதிஞ்சுக்கிச்சு. சும்மா உக்கார முடியாம நகம் வெட்டினது அதுல கேக்குது. அஞ்சே அஞ்சு, ஒரு கைக்கு மட்டும். கடிக்கிறவருக்கு வெட்ட நகமே இல்ல. சித்தப்பாவுக்குப் பத்தும் பத்திரமா இருக்கு. மீட்டுற கையில வளத்து, தந்தியை அழுத்துற கையில ஒட்ட வெட்டுறவர் இங்க ஒருத்தர்தான். இடது கையைக் காட்டுங்க தம்பி."

சிஷ்யன் கையை மடக்கிக்கொண்டான்.

"அப்ப அந்தச் சொந்தக் கற்பனை, அம்மாவோடதா?" விமர்சகர் வாயைப் பிளந்தார்.

"அக்கா," சிஷ்யன் மகளின் காலடியில் சரிந்தான். "அம்மா வாசிப்பு எங்கயும் போகலக்கா. ஒரு பிடி விடாம எனக்குள்ள அப்படியே இருக்கு."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். டேப்பை நுனி விரலால் எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"கொண்டு போயிடுங்க மேடம். இதுல இப்ப இருக்கறது இவன் ஏப்பம்தான்." பிறகு அவனைப் பார்த்தாள். "இனிமே எங்கம்மாவைக் கேக்கணும்னா, நான் உன் ரெக்கார்டைத்தானேடா போடணும்?"