ஜெபக்கனியின் பூஜ்யங்கள்

பாளையங்கோட்டை வலிதணிப்பு இல்லத்தில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்த பதினான்கு பேர் மணிக்கட்டிலும் அமைதிமானி இருந்தது. நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் படித்து, மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் பட்டை அது. சமூகப் பணியாளர் பேசிவிட்டு எழும்போது அது காட்டும் எண்தான் அவர் வேலையின் பலன். சராசரி அறுபதுக்குக் கீழே போனால் அவர் இடத்துக்கு ஆறுதல்பொறி என்ற பேசும் இயந்திரம் வந்துவிடும். இப்படியெல்லாம் அளக்க யாருக்குத்தான் தோன்றியதோ!

அங்கே சமூகப் பணியாளராக இருந்த ஜெபக்கனியின் சராசரி நாற்பத்தொன்று. பின்னே? உயில், பிரிந்த பிள்ளை, கேட்காத மன்னிப்பு என்று எல்லாரும் ஒதுக்கி வைத்ததைத்தான் அவள் பேசுவாள். கேட்டவர்கள் அழுவார்கள்; எண் சரியும். அழுதவர் மறுநாள் நிம்மதியாகச் சாப்பிடுவது அவள் கணக்கில் வராது.

இந்த வாரம்தான் கடைசி வாய்ப்பு. அதிசயமாக, திங்கள் முதல் எல்லார் பட்டையும் தொண்ணூறைத் தாண்டியது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் புதனன்று பார்த்தால் குறிப்பேட்டில் ஒரு வேலையும் இல்லை. யாருக்கும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சுடலைமுத்துவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீய அண்ணாச்சி?"

"எனக்கென்ன யம்மா, ராசா மாதிரி இருக்கேன்."

பட்டை தொண்ணூற்றாறு காட்டியது. மனிதர் மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"எனக்காகவா இப்படி அடக்கிக்கிட்டுக் கெடக்கீய?"

"பதினாலு பேரும் பேசி வச்சிட்டோம். நீ எங்களுக்குச் செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை அன்பை அவள் எங்கும் கண்டதில்லை. அந்த அன்புதான் அத்தனை பேர் வாயையும் அடைத்திருந்தது. அவர் பட்டையைக் கழற்றினாள்.

"கழட்டாத யம்மா! பூஜ்யம் விழும், வேல போயிரும்லா!"

"போனா போவுது. இப்பச் சொல்லுங்க."

அவர் முகம் கோணியது. "அத்தான் செத்ததுக்கு நான் போவல. அக்கா பதினோரு வருசமாப் பேசல. அவ கால்ல விழணும்..." குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜெபக்கனி தொலைபேசியில் அழைத்ததும் அக்கா சொர்ணம் தென்காசியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். தம்பியைக் காலில் விழ விடவில்லை. "ஏலே, எலும்புந் தோலுமாக் கெடக்கியே" என்று திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டினாள்.

ஜெபக்கனி திரும்பியபோது பக்கத்துக் கட்டில்காரர் மணிக்கட்டை நீட்டியபடி இருந்தார். அவருக்கு அடுத்தவரும்.

சனிக்கிழமைக்குள் பதினான்கு பூஜ்யம் விழுந்தது. இல்லம் முழுக்க உறவுக்காரர் கூட்டம். ஜெபக்கனிக்கு உட்கார நேரமில்லை.

திங்களன்று அவள் இடத்துக்கு ஆறுதல்பொறி வந்தது. முதல் நாளே எல்லாப் பட்டையிலும் நூற்றுக்கு நூறு வாங்கியது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் சொல்லி முடித்திருந்தார்கள்.