ஐந்தாவது வண்டி

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, காபி டம்ளரோடு உட்கார்ந்து, பழைய கார்க்காரர்களின் அடுத்த கூடலுக்கு இடம் பார்ப்பது நிவேதிதாவின் வழக்கம். எதிர்ச்சுவரில் கோவை வட்டத்தின் வரைபடம் விரியும். எந்தச் சாலை காலியாக இருக்கிறது, வண்டிகளை நிறுத்த நிழல் உண்டா, டிபன் யார் வீட்டிலிருந்து வரும், பெட்ரோலுக்கு அனுமதி கிடைத்ததா என்று எல்லாவற்றையும் அவளே பார்க்க வேண்டும். பெட்ரோலை இப்போது ரசாயனக் கடையில், ஆசிட் பாட்டில்களுக்கு நடுவே வைத்து விற்றார்கள்.

சொந்தமாகக் கார் வைத்திருப்பதே அபூர்வமாகிவிட்ட காலம் அது. கூப்பிட்டால் வாசலுக்கு வந்து நிற்கும் தானோட்டிகள் ஊரெங்கும் ஓடின. அவற்றைச் சாலைமூளை என்ற நிரல் நடத்தியது. அது நடத்தும் சாலையில் மனிதக் கை நுழையக் கூடாது. ஸ்டீயரிங் பிடித்துத் தாமே ஓட்ட விரும்பிய பழைய கார்க்காரர்களுக்கு அரசு ஒரே ஒரு சலுகையை விட்டுவைத்திருந்தது. மாதம் ஒருமுறை, கைவிடப்பட்ட சாலை ஒன்றில் கூடி ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து வண்டியாவது சேர வேண்டும், ஐந்தும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் சேராவிட்டால் அந்த வட்டத்தின் எல்லா எஞ்சின்களையும் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள்.

நிவேதிதா பொறுப்பேற்றபோது கையோட்டிகள் சங்கத்தின் கோவை வட்டத்தில் நாற்பது வண்டிகள் இருந்தன. சிலர் செத்துப்போனார்கள். சிலருக்குச் சலித்துவிட்டது. இப்போது அவளையும் சேர்த்து நாலு பேர். இரண்டு மாதம் நாலு வண்டியோடு கூடிக் கலைந்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவள் வரைபடத்தை ஓரம்வரை இழுத்துப் பார்த்தாள். தென்கோடியில், ஆனைமலைக்குப் பக்கத்தில், ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தது. பதிவு உண்டு, சங்கத்தில் சேரவில்லை. பெயர் கந்தவேல்.

நல்ல வெயிலில் ஒரு தானோட்டியைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. பக்கத்துக் கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே, நீல நிறத்தில் ஒரு சின்னக் கார். கந்தவேலுக்கு எண்பதை நெருங்கும் வயது. மனைவி இறந்தபிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கோயமுத்தூர் பம்புசெட்டுகளை ஊர் ஊராகப் போய் விற்றவர்.

"எனக்கெதுக்கு அம்மணி அதெல்லாம்? வாரத்துக்கொருக்கா ஸ்டார்ட் பண்ணி, தோப்புக்குள்ள ஒரு சுத்து சுத்தி நிறுத்திருவேன். அது போதும்" என்றார்.

"நாலு பேர் இருக்கோமுங்க ஐயா. நீங்க வந்தாத்தான் எங்க வண்டியும் ஓடும்."

அவர் யோசித்தார். "எந்த ரோட்டுல?"

"பழைய பொள்ளாச்சி ரோடு. கிணத்துக்கடவுகிட்ட."

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அந்த ரோட்டுல எனக்குத் தெரியாத பள்ளம் கிடையாது" என்றார்.

கூடலன்று வண்டிகளை ஏற்றி வந்த இழுவை லாரி அவருடைய காரையும் இறக்கியது. ஐந்து வண்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்து, பெரிய வேன் வைத்திருந்த ரித்திக் கைதட்டினான். ஐம்பது தாண்டியவன்தான், ஆனாலும் கூட்டத்திலேயே சின்னவன் அவன்.

ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அந்தச் சாலையைக் கடந்து, 'இவர் ஓட்டத் தகுந்தவர்' என்று கைரேகை வைப்பது நிவேதிதாவின் பொறுப்பு. முதலில் அதையும் இயந்திரத்திடம்தான் கொடுத்திருந்தார்கள். அதன் அளவுகோலில் மனிதர் ஒருவர்கூடத் தேறவில்லை. மனிதரை மனிதரே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கந்தவேல் அருமையாக ஓட்டினார். கியர் மாறியதே தெரியவில்லை. பேசிக்கொண்டே போனார். "இங்கதான் ஒரு எண்ணெய்ச் செக்கு இருந்துது. இப்ப ஒரு வளைவு வருமே, புளியமரம் இன்னும் இருக்குதுங்களா அம்மணி?"

மரம் கண்ணெதிரே, சாலையை அடைத்தாற்போல் நின்றது. "இருக்குதுங்க" என்றாள். அவர் உடனே ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

அவள் திரும்பி அவர் கண்களைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அந்த மைல்கல்லுல என்ன எழுதியிருக்குதுங்க?" என்று விளையாட்டுப்போலக் கேட்டாள்.

அவர் சிரித்தார். "எல்லாம் அழிஞ்சிருக்கும் அம்மணி."

அழியவில்லை. பளிச்சென்று இருந்தது. மனிதர் ஞாபகத்தில் ஓட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மரத்தடியில் எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது கந்தவேல் நடுவில் உட்கார்ந்து பம்புசெட் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிவேதிதா ஒதுங்கிப் போய்க் கைரேகை வைத்தாள். காலிச் சாலைதானே, மெதுவாகத்தானே போகிறார், நான் பக்கத்தில் இருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதமும் அதையே சொல்லிக்கொண்டாள்.

உண்மையில் அவளுக்கு அதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. பெற்றவரிடம் போய், இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சாவியை வாங்கிவைத்தவர்கள் முன்பு இருந்திருப்பார்கள். தானோட்டி வந்தபிறகு யாருக்கும் அந்தக் கஷ்டம் வரவில்லை. நிவேதிதாவின் அப்பா கண் தெரியாமல் போய்ப் பத்து வருஷம் ஊர் சுற்றினார். யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கூடலுக்குக் கந்தவேல் தன் மகளையும் கூட்டிவந்தார். ஹைதராபாத்தில் வேலையாக இருந்த மிருதுளா, அப்பா திரும்ப வண்டி ஓட்டுகிறார் என்று கேட்டுப் பார்க்க வந்திருந்தாள். "போன்ல பேசறப்பக் குரலே வேற மாதிரி இருக்குதுங்க. நீங்கதான் காரணம்" என்று நிவேதிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பின்சீட்டில் ஏறினாள்.

மகளுக்குக் காட்ட வேண்டும் என்றோ என்னவோ, கந்தவேல் அன்று கொஞ்சம் வேகமாகப் போனார். வேனை ஓரங்கட்டிவிட்டு ரித்திக் டிபன் தூக்குகளோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தான். கந்தவேலின் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"ஐயா, ஆளு" என்று நிவேதிதா கத்திக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்தாள். வண்டி பக்கவாட்டில் திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. ரித்திக் தூக்குகளைப் போட்டுவிட்டு எட்டிக் குதித்திருந்தான். சாலையெல்லாம் சாம்பார்.

கந்தவேல் ஸ்டீயரிங்கை விடவில்லை. "யாரு அது? யார் மேலயாவது பட்டுருச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரித்திக் நின்றிருந்தான்.

பின்சீட்டிலிருந்து மிருதுளா மெதுவாகக் கேட்டாள். "அப்பா, உங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

அவர் சாவியைத் தடவி எஞ்சினை அணைத்தார்.

திரும்பும்போது ரித்திக் நிவேதிதாவைத் தனியாக அழைத்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகலை. கைரேகை வெச்சிருங்க. அடுத்த மாசத்துல இருந்து அவரு சும்மா மெதுவா உருட்டட்டும். இல்லேன்னா நம்ம நாலு வண்டியும் போயிருமுங்க."

"உன்னை அடிச்சுக் கொன்னிருப்பாரு ரித்திக்."

"கொல்லலீங்களே அக்கா" என்றான். அவன் குரல் உடைந்தது. தகப்பன் வைத்துவிட்டுப் போன வேன் அது.

இந்த முறை அவள் கைரேகை வைக்கவில்லை. 'தகுதியில்லை' என்று பதிந்தாள். இருந்ததே ஐந்து வண்டிகள் என்பதால், அடுத்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து மிருதுளா கூப்பிட்டாள். அப்பாவை ஹைதராபாத்துக்கே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு அடுப்புப் பற்றவைக்கிறார், கிணற்றடிக்குப் போகிறார், எப்படித் தனியாக விடுவது என்றாள். தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று, காரை உடைப்பதற்குக் கொடுத்தாயிற்று.

அவர்கள் புறப்படும் நாளன்று நிவேதிதா போய்ச் சேர்ந்தபோது கந்தவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே அவளைத் தெரிந்துகொண்டார்.

"வாங்க அம்மணி. காபி குடுக்கறதுக்குப் பாத்திரமெல்லாம் கட்டிட்டாங்க."

"பரவாயில்லீங்க ஐயா."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு அவர் கேட்டார். "முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்லீங்களா? அந்தப் புளியமரத்துகிட்ட."

"தெரிஞ்சுதுங்க."

"எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை. சரி, அப்படியொண்ணும் மோசமில்லை போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்." அவர் கைகளை முழங்காலில் தேய்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா கேட்டிருப்பேன் அம்மணி. ஒருவாட்டி ஓட்டியாச்சுன்னு இங்கயே கெடந்திருப்பேன். இந்த வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணே வேண்டாம்."

மன்னிச்சிருங்க என்றாள். அவர் தலையை ஆட்டினார், ஆமென்றா இல்லையென்றா என்று தெரியவில்லை.

தானோட்டி வந்து நின்றது. மிருதுளா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அவர் வழக்கப்படி வலது முன்பக்கம் போய்க் கதவைத் தடவினார். அங்கே கைப்பிடி இல்லை. மகள் தோளைத் தொட்டுப் பின்பக்கம் திருப்பினாள்.

நிவேதிதா எழுந்து இரண்டடி வைத்தாள். சத்தமே இல்லாமல் வண்டி தோப்பைத் தாண்டிப் போயிற்று.